"டாக்டர் சொன்னார், நான் போட்டேன்": டிரிப்ஸ் போடும் செவிலியரும் சட்டமும்

காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் செவிலியராக இருந்தாலும் ஒரு பேச்சு காதில் விழாமல் ஒரு வாரம் ஓடாது: "ஒரு பாட்டில் ஏத்தி விடு தாயி, தெம்பா இருக்கும்." தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்துவிட்டு வந்தவர் கேட்பார், கல்யாண வீட்டில் மூன்று நாள் நின்று ஓய்ந்துபோன ஆச்சி கேட்பார், ஆச்சி கேட்காவிட்டால் சிங்கப்பூரிலிருக்கும் மகன் வீடியோ காலில் கேட்பார். நம் பக்கத்தில் டிரிப்ஸ் பாதி மருந்து, பாதி நம்பிக்கை. ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். வாயால் குடிக்க முடிகிற ஒருவருக்கு அதை ஊசி வழியாக ஏற்றுவதில் ஒரு தெம்பும் கூடாது, சர்க்கரை நோய் இருந்தால் கெடுதல்தான் கூடும். ஆனாலும் கேட்பார்கள், நாமும் பல நேரம் "சரி, போட்டு விடுவோம்" என்று கை நீட்டி விடுகிறோம்.

அந்த "சரி"யில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமாவோ பி.எஸ்சி நர்சிங்கோ முடித்து இப்போதுதான் வார்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பிரச்சினை என்று வந்தால் நம்மில் பலர் சொல்கிற முதல் வாக்கியம் "டாக்டர் சொன்னார், நான் போட்டேன்" என்பது. இந்த வாக்கியம் நம்மைக் காப்பாற்றாது. டாக்டருடைய பொறுப்பு அவருக்கு, நம்முடைய பொறுப்பு நமக்கு, இரண்டும் தனித்தனி.

ஏன் டிரிப்ஸுக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். மாத்திரை தப்பாகப் போனால் சில சமயம் வயிற்றைக் கழுவி எடுக்கலாம். தசையில் போட்ட ஊசி மெதுவாக இறங்கும், கொஞ்சம் நேரம் கிடைக்கும். நரம்புக்குள் போன மருந்து ஒரு நிமிடத்துக்குள் இதயத்துக்குப் போய்ச் சேர்ந்து விடும், திரும்ப எடுக்க வழியில்லை. ஆபத்து கூடக் கூட, எடுத்துக்கொள்ள வேண்டிய கவனமும் கூட வேண்டும் என்றுதான் நீதிமன்றங்களும் பார்க்கின்றன.

முதல் கேள்வி, போடுவது யார். கல்லூரிச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் செவிலியர் ஆகிவிட முடியாது, மாநில கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது, அதன் கீழ் இருப்பதுதான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். நாடு முழுவதற்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது, அதன் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்றைக் கொண்டுவரும் புதிய சட்டம் 2023-இல் நிறைவேறியது. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். பதிவு எண் இல்லாத கை வேன்ஃப்ளானை, அதாவது நரம்பில் செருகும் அந்தச் சின்னக் குழாயை, தொட்டால் அங்கேயே பாதி வழக்கு தோற்றுவிட்டது, அதைப் புரிந்துகொண்டால் போதும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றிருக்கும் நம் ஊர்களில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் பெருகிவிட்டன. ஆறு மாதப் பயிற்சி முடித்த பிள்ளையையும் "நர்ஸ்" என்றுதான் அனுப்புகிறார்கள். குளிப்பாட்ட, சோறு ஊட்ட அந்தப் பிள்ளை அருமையான துணை, ஆனால் டிரிப்ஸ் அவள் வேலை இல்லை.

பதிவு இல்லாத கை என்ன செய்யும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் 1998-இல் தீர்ப்பான ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கைப் படித்தால் போதும். 1993 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலோடு ஒரு குழந்தை அனுமதிக்கப்பட்டது. எழுதப்பட்ட மருந்து குளோராம்பெனிகால். செவிலியராக வேலை பார்த்தவர் குழந்தையின் அப்பாவை வாங்கிவரச் சொன்னதோ மலேரியாவுக்கான குளோரோகுவின் ஊசி. பெயரின் முதல் பாதி காதுக்கு ஒரே மாதிரி இருக்கிறது, பாருங்கள். அதை நரம்பில் போட்டார், குழந்தை அம்மாவின் மடியிலேயே துவண்டது, இதயம் நின்றது, உயிரை மீட்டார்கள், மூளையை மீட்க முடியவில்லை. விசாரணையில்தான் அந்தச் செவிலியர் எந்த மாநில கவுன்சிலிலும் பதிவு பெறாதவர் என்று தெரிந்தது. ஊசியை டாக்டரே போட வேண்டும் என்று மூத்த மருத்துவர் சொல்லியிருந்தும் வார்டு டாக்டர் அதைச் செவிலியரிடம் விட்டிருந்தார் என்பதும் வெளிவந்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. மருத்துவமனைதான் அதற்குப் பொறுப்பு, ஏனென்றால் வேலைக்காரர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு வேலைக்கு வைத்தவரும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கில் என்னைப் பிடித்து உலுக்குவது வேறு விஷயம். ஆம்பூல், அந்தச் சின்ன மருந்துக் குப்பி, கையில் இருந்தது, கேஸ் ஷீட் கட்டிலில் தொங்கியது, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று கல்லூரியில் ஒப்பித்தோமே, அதைப் பரீட்சைக்கான பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் ஐந்து கேள்விகள் அவைதான்.

சரி, தவறு நடந்துவிட்டது, எதை வைத்து நம்மை எடை போடுவார்கள்? இங்கிலாந்தில் 1957-இல் வந்த போலம் வழக்கின் அளவுகோலை நம் நீதிமன்றங்களும் எடுத்துக்கொண்டன. நம் தொழிலில் இருக்கும் சராசரித் திறமை உள்ள ஒருவர், அதே இடத்தில், அதே சூழலில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அது. நாட்டிலேயே கெட்டிக்காரச் செவிலியர் என்ன செய்திருப்பார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே குத்தில் நரம்பு கிடைக்கவில்லை என்பது குற்றமில்லை. கை வீங்கியதைப் பார்த்தும் சொட்டை நிறுத்தாமல் போனது குற்றம். நுகர்வோர் வழக்கா, கிரிமினல் வழக்கா என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. 1995-இல் இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில், காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே சாதாரணக் கவனக்குறைவே இழப்பீட்டுக்குப் போதும். சிறைத்தண்டனை வரை போகிற கிரிமினல் வழக்குக்கு அது போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னார்கள்.

இன்னொன்று, நிறையச் செவிலியர்களுக்கே தெரியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 106-வது பிரிவின்படி கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் மட்டும் இரண்டு ஆண்டு வரை. மருத்துவர் என்றால் யார் என்று அந்தப் பிரிவே விளக்கியும் விடுகிறது: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் அங்கீகரித்த படிப்பு முடித்து மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியர் பதிவேடு அந்த விளக்கத்தில் இல்லை. ஒரே வார்டு, ஒரே மருந்து, எழுதியவருக்கு உச்சபட்சம் இரண்டு, போட்டவருக்கு உச்சபட்சம் ஐந்து. பழைய சட்டத்தில் எல்லாருக்கும் இரண்டாகத்தான் இருந்தது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் எழுத்தில் இருப்பது இதுதான்.

அதனால் "டாக்டர் சொன்னார்" என்பதை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு வருவோம். ஆர்டர் எழுத்தில் இருக்க வேண்டும், மருந்தின் பெயர், அளவு, எந்த திரவத்தில் கலந்து, எவ்வளவு நேரத்தில் என்பது வரை. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் போனில் சொல்கிறார், என்ன செய்வது? அவர் சொன்னதை அப்படியே எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டி, "சரி" என்று வாங்கி, நேரத்தையும் குறித்து, முடிந்தால் இன்னொரு சிஸ்டரையும் கேட்க வைத்து, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு எழுத்து புரியவில்லை என்றாலும் கேளுங்கள். கேட்டால் திட்டுவார்கள் என்பது உண்மை, நானும் திட்டு வாங்கியிருக்கிறேன், திட்டு ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

தப்பான ஆர்டர் என்று தெரிந்தால் மறுக்கும் உரிமை இருக்கிறது, அதைவிட முக்கியம், மறுக்கும் கடமை இருக்கிறது. உதாரணம் பொட்டாசியம் குளோரைடு, வார்டில் நாம் கேசிஎல் என்போம். 10 மில்லி ஆம்பூல், பார்க்கத் தண்ணீர் மாதிரி, டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் பக்கத்திலேயே கிடக்கும். அதைக் கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பாட்டிலில் கலந்து, நன்றாகக் குலுக்கி, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பதற்றத்தில் யாராவது "கேசிஎல் ஒண்ணு புஷ் பண்ணுங்க" என்றால், சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் போடக் கூடாது. "சார், புஷ் போட மாட்டோம், பாட்டிலில் கலந்து போடட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்பார்கள். அப்படிச் சொல்லவில்லை என்றால் இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், நடந்ததை எழுதுங்கள். இதே மாதிரிதான், ஆர்எல் (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம்) ஓடிக்கொண்டிருக்கும் அதே லைனில் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக்கைப் போடாதீர்கள், ஆர்எல்லில் இருக்கும் கால்சியத்தோடு அது சேர்ந்து திரிந்துவிடும். பிறந்த குழந்தைகளில் இதனால் உயிரே போயிருக்கிறது. அங்கே "எனக்குத் தெரியாது" என்பது பதிலாகாது, தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

இப்போது நோயாளியின் சம்மதம். கானாடுகாத்தானில் ஒரு வீடு, பெயர் வேண்டாம். ஆச்சிக்கு எண்பது வயது இருக்கும், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, டாக்டர் வந்து பார்த்து ஆர்எல் ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நான் போனபோது ஆச்சி பட்டாலையில் கோரைப்பாயில் படுத்திருந்தார், ஆத்தங்குடிக் கல்லில் ஒரு கையை வைத்துக் குளிர்ச்சி வாங்கிக்கொண்டு. ஊசி என்றதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். மகன் போனில்: "ஆத்தா சொல்றதைக் கேக்காதீங்க சிஸ்டர், பிடிச்சுப் போட்டுருங்க, நான் பொறுப்பு."

அவர் பொறுப்பு ஏற்க முடியாது, அதுதான் சட்டம். பதினெட்டு வயது தாண்டிய, புத்தி தெளிவாக இருக்கும் ஒருவருடைய உடம்புக்கு அவரே எஜமானர். மகன் பணம் அனுப்பலாம், டாக்டரை ஏற்பாடு செய்யலாம், சம்மதம் மட்டும் அவரால் தர முடியாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சம்மதத்தைப் பற்றி விரிவாகப் பேசியது. என்ன செய்யப் போகிறோம், ஏன், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, இதெல்லாம் புரிந்து சொல்வதுதான் சம்மதம். பயமுறுத்தி வாங்கினால் அது சம்மதமே இல்லை. வார்டில் நோயாளி தானாகக் கையை நீட்டினால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம், நீட்டிய கையை இழுத்துக்கொண்டால் சம்மதமும் போய்விட்டது. பிடித்து அமுக்கிப் போட்டால் அது தாக்குதல், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும். மயக்கத்தில் இருப்பவர், உயிர் போகிற அவசரம், சம்மதம் தரக்கூடிய உறவினரும் பக்கத்தில் இல்லை என்றால் அது வேறு, அங்கே நல்லெண்ணத்தில் செய்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நான் போனை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு ஆச்சி புடவையை விலக்கி முன்னங்கையைக் காட்டினார். போன மாதம் ஆஸ்பத்திரியில் நாலு இடத்தில் குத்தியிருந்தார்கள், கருநீலம் இன்னும் மாறவில்லை. "இந்தக் கையை இன்னும் எத்தனை குத்து குத்துவீக?" நியாயமான கேள்விதானே. நாக்கு வறண்டிருப்பதைச் சொன்னேன், வாயால் குடித்தது நிற்காமல் வாந்தி வருவதால்தான் டாக்டர் எழுதியிருக்கிறார் என்றேன், இரண்டு தரத்துக்கு மேல் குத்த மாட்டேன், கிடைக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுகிறேன் என்றேன். இந்த இரண்டு தரம் என்பது ஆச்சிக்காகச் சொன்ன பேரம் இல்லை, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலாமல் அடுத்தவரிடம் விடுவதுதான் நல்ல வழக்கம். கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இடது கை வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி பாயில் வைத்தார். தோல் வெங்காயச் சருகு மாதிரி, நரம்பு விரலுக்குக் கீழே நழுவி ஓடுகிறது. கையில் கட்டும் டூர்னிக்கெட் பட்டையை இறுக்காமல், நீலக் கலர் 22 நம்பர் வேன்ஃப்ளான் போட்டு, கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, முதல் குத்திலேயே ரத்தம் தெரிந்தது. பாட்டிலை ஊஞ்சல் கொக்கியில் மாட்டினோம். இருதயம் பலவீனமான வயசு, வேகமாக ஓட விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் எட்டு மணி நேரம் எழுதியிருந்தார். 500 மில்லி, மில்லிக்கு 20 சொட்டு விடும் டியூப் செட், நிமிடத்துக்கு 21 சொட்டு வரும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி வைத்தேன், ஆச்சியும் கூடவே எண்ணினார்.

வீட்டில் போடுவதைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: எழுத்தில் ஆர்டர் இல்லாமல், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் போட வேண்டிய அட்ரினலின் பையில் இல்லாமல், கூப்பிட்டால் வரக்கூடிய டாக்டர் நம்பர் இல்லாமல் ஒரு பாட்டிலும் மாட்டாதீர்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸை நான் வீட்டில் போடுவதே இல்லை. அப்புறம் அந்த ஊசியையும் செட்டையும் அடுப்படிக் குப்பையில் போட்டுவிட்டு வராதீர்கள், காலையில் அதைப் பொறுக்குகிற கையும் ஒரு கைதான். ஆஸ்பத்திரியில் என்றால் 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஊசி வெள்ளை நிற டப்பாவுக்கு, டியூபும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிவப்புப் பைக்கு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது பற்றி ஒரே வரிதான்: வைக்காதீர்கள்.

கடைசியாக, எழுதுவது. இதை என் தவறிலிருந்தே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நைட் டூட்டியில் நானும் இன்னொரு பெண்ணும் மட்டும். ஒரு பெரியவருக்குக் கால்சியம் குளுக்கோனேட் கலந்த டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் "எரியுது தாயி" என்றார். தூக்கக் கலக்கம், அந்தப் பக்கம் ஒரு பிரசவக் கேஸ், "மருந்து அப்படித்தான் அய்யா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது புறங்கை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, தொட்டால் கல். லைன் வெளியே போயிருக்கிறது, மருந்து முழுக்கத் தசைக்குள். நிறுத்தினேன், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன், கையை உயர்த்தி வைத்தோம். இதுவரை தப்பு ஒன்றுதான். இரண்டாவது தப்பு அதற்கப்புறம். நோட்ஸ் எழுத உட்கார்ந்தபோது பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று வரிசையாக மணி போட்டு, எல்லாவற்றுக்கும் எதிரே "லைன் நன்றாக ஓடுகிறது" என்று ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். பார்க்காததைப் பார்த்ததாக.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பெரியவரின் கையைப் பார்த்தார், திட்டவில்லை. "கை வீங்கினது விபத்து, இது பொய். விபத்துக்கு உன் பக்கம் நான் நிப்பேன், இதுக்கு நிக்க முடியாது" என்றார். வொயிட்னர் போட விடவில்லை, பக்கத்தைக் கிழிக்கவும் விடவில்லை. தப்பான வரிகளின் மேல் அடியில் இருப்பது படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. கீழே "தாமதமாக எழுதும் குறிப்பு" என்று போட்டு, இப்போதைய நேரம், உண்மையில் நடந்த நேரம், நோயாளி எரிகிறது என்று சொன்னது, நான் பார்க்காமல் போனது, மூன்று மணிக்கு இருந்த வீக்கத்தின் அளவு, டாக்டருக்குச் சொன்ன நேரம், எல்லாம் என் கையாலேயே எழுத வைத்தார். நீதிமன்றத்தில் எழுதாத வேலை செய்யாத வேலைதான் என்பார்கள், ஆனால் செய்யாத வேலையை எழுதுவது அதைவிட மோசம், ஒரு பொய் வரி அகப்பட்டால் மீதி நூறு உண்மை வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதோடு விடவில்லை. "வா, அவர்கிட்ட போய்ச் சொல்லுவோம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனார். எனக்கு வாயே வரவில்லை. மருந்து நரம்புக்கு வெளியே போய்விட்டது, சொன்னபோதே நான் பார்த்திருக்க வேண்டும், தோல் கொப்பளிக்கலாம், தினமும் டாக்டர் பார்ப்பார், இதற்குத் தனியாகப் பணம் வாங்க மாட்டார்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பெரியவர் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பவே சொன்னேன்ல தாயி, எரியுதுன்னு."